போதுமான அளவு ஆபத்து

இருகரை நாடு என்று ஒரு நாடு இருந்தது. நடுவாறு அதை இரண்டாகப் பிளந்துகொண்டு ஓடியது. வடகரைக்கு ஒரு தலைவர், தென்கரைக்கு ஒரு தலைவர். இருவருக்கும் மேலே, ஆற்றின் நடுவிலிருந்த திட்டில், ஒன்பது மூத்தோர் கொண்ட மன்றம் இருந்தது. மூத்தோர் ஒருமுறை இருக்கையில் அமர்ந்தால் சாகும்வரை எழுந்திருக்க வேண்டியதில்லை. அதனால் அவர்கள் எதற்கும் அவசரப்பட மாட்டார்கள், யாருக்கும் பயப்பட மாட்டார்கள் என்று மக்கள் நம்பினார்கள்.

அந்த மன்றம் முன்பொரு காலத்தில் ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது. வயிற்றிலிருக்கும் கருவைச் சுமப்பதா கலைப்பதா என்பதை, அது வெளியே வந்து பிழைக்கும் மாதம் வரும்வரை, அந்தப் பெண்ணும் அவளுடைய மருத்துவரும் பேசி முடிவு செய்துகொள்ளலாம், தலைவர்கள் அதில் தலையிட வேண்டாம் என்பது தீர்ப்பு. தலையிட வேண்டாம் என்று சொன்ன நாளிலிருந்து தலைவர்களுக்கு வேறு பேச்சே இல்லாமல் போயிற்று.

தொட்டில் சின்னம் கொண்ட கட்சி, அந்தத் தீர்ப்பை ஒழிப்போம் என்று ஓட்டுக் கேட்டது. தாழ்ப்பாள் சின்னம் கொண்ட கட்சி, அந்தத் தீர்ப்பைக் காப்போம் என்று ஓட்டுக் கேட்டது. வாய்க்கால்கள் தூர்ந்து கிடந்தன. ஆற்றுப்பாலம் பாதியில் நின்றது. ஆனால் தேர்தல் வந்தால் வாய்க்காலைப் பற்றிக் கேட்பவனை எல்லோரும் விநோதமாகப் பார்த்தார்கள். தாழ்ப்பாள் கட்சிக்கு இரண்டு கரைகளிலும் பெரும்பான்மை கிடைத்த காலமும் உண்டு. அப்போதே தீர்ப்பைச் சட்டமாக எழுதி வைத்திருக்கலாம். எழுதவில்லை. திருட்டுப் பயம் இல்லாத தெருவில் தாழ்ப்பாள் எப்படி விற்கும் என்று கட்சியின் ஆலோசகர் ஒருவர் கேட்டதாகச் சொல்வார்கள். தொட்டில் கட்சிக்கும் அவசரம் இல்லை. ஒழிக்கப்போகிறோம் என்பதில் இருக்கும் சுகம் ஒழித்த பிறகு இருக்காது என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

இப்படியே போயிருக்கும். ஆனால் தொட்டில் கட்சி மேலோங்கியிருந்த ஒரு பருவத்தில் மூத்தோரில் சிலர் அடுத்தடுத்துக் காலமானார்கள். புதியவர்கள் அமர்ந்தார்கள். ஒரு நாள் காலை மன்றம் கூடி, பழைய தீர்ப்பு செல்லாது என்றது. பிறகு எது செல்லும் என்று கேட்டதற்கு, "இதில் எங்களுக்குக் கருத்து எதுவும் இல்லை. அந்தந்தக் கரை தன் விருப்பப்படி முடிவு செய்துகொள்ளட்டும்" என்று சொல்லிவிட்டு உணவுக்கு எழுந்தது.

அந்த நேரம் வடகரைத் தலைவர் கோச்செல்வர் ஒரு மேடையில் நின்று, என் உயிர் உள்ளவரை இந்தத் தீர்ப்பை எதிர்ப்பேன் என்று முழங்கிக்கொண்டிருந்தார். உதவியாளர் வந்து காதில் சொன்னார். "அப்படியானால் இனி நான் என்ன பேசுவது?" என்று தலைவர் உதவியாளரிடம் மெதுவாகக் கேட்டது ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்டது. கூட்டம் கை தட்டியது.

வடகரையில் துறைப்பட்டி என்ற ஊரில் வளவன் அரசு அறிவிப்பாளனாக இருந்தான். ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் தெருத்தெருவாகப் போய் ஆணைகளைப் படிப்பது அவன் வேலை. கனமான குரல். பத்தாவது தெருவில் படித்தால் முதல் தெருவில் கேட்கும். அவன் மனைவி அஞ்சுகம் படகுத்துறையில் சீட்டுக் கொடுப்பவள். கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லாமல் இருந்து, கோயில் குளம் என்று அலைந்து, அந்த வருடம்தான் அவள் வயிற்றில் தங்கியது. இருவரும் தொட்டிலுக்கு ஓட்டுப் போடுகிறவர்கள்தான். அதில் அவர்கள் பெரிதாக யோசித்ததில்லை. தொட்டிலை யாராவது வேண்டாம் என்பார்களா என்று அஞ்சுகம் கேட்பாள்.

கோச்செல்வரின் கருச்சட்டம் வெளியான அன்று வளவன் அதைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்தான். கருவைக் கலைப்பது குற்றம், கலைக்கும் மருத்துவருக்குச் சிறை, தாயின் உயிருக்கு ஆபத்து இருந்தாலொழிய. இவ்வளவுதான் சட்டம்.

"கடைசியில ஒண்ணு படிச்சியே, ஆபத்து இருந்தாலொழியன்னு," என்றாள் அஞ்சுகம். "எவ்வளவு ஆபத்து?"

"அது டாக்டருங்க பாத்துக்குவாங்க," என்றான் வளவன். "நமக்கெதுக்கு அது? நம்ம பிள்ளை நல்லா இருக்கு."

ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள், படகுத்துறையில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தபோது, அஞ்சுகத்துக்குப் பனிக்குடம் உடைந்தது. சேலை நனைந்தபோது ஆற்றுத் தண்ணீர் தெறித்ததோ என்றுதான் முதலில் நினைத்தாள்.

துறைப்பட்டி மருத்துவமனையில் பெண்களுக்கான மருத்துவர் கார்குழலி ஒருத்திதான். அவள் பரிசோதித்துவிட்டு, கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த விதத்திலேயே அஞ்சுகத்துக்குப் புரிந்துவிட்டது.

"பிள்ளை தங்காதும்மா," என்றாள் கார்குழலி. "தண்ணி முழுக்க வடிஞ்சிடுச்சு. இந்த மாசத்துல வெளிய வந்தா மூச்சு விடாது. உள்ளயும் வளராது. ஆனா இதயம் இன்னும் துடிக்குது."

அஞ்சுகம், "இப்ப என்ன செய்வீங்க?" என்றாள்.

"முன்னாடியா இருந்தா உங்க ரெண்டு பேருகிட்டயும் பேசி, இன்னைக்கே முடிச்சிருப்பேன். தள்ளிப்போட்டா கர்ப்பப்பையில சீழ் பிடிக்கும். இப்ப சட்டத்துல உயிருக்கு ஆபத்து இருக்கணும்னு இருக்கு. உனக்கு இப்போதைக்குக் காய்ச்சல் இல்ல. காய்ச்சல் வந்தப்புறம்தான் கை வைக்க முடியும்."

"அப்ப காய்ச்சல் வரணும்னு வேண்டிக்கணுமா?"

கார்குழலியின் பதினைந்து வருடப் படிப்பில் அந்தக் கேள்விக்கு அவளுக்கு யாரும் பதில் சொல்லித்தரவில்லை.

சட்டத்துக்குப் பிறகு வந்த ஓர் ஆணையும் இருந்தது. இப்படிப்பட்ட நிலையில் உள்ள தாய், கருவின் இதயத் துடிப்பை நாள்தோறும் கேட்க வேண்டும். செவிலி ஒரு கருவியை வயிற்றில் வைத்துக் கேட்கச் செய்தாள். குதிரை ஓடுவது போல ஒரு சத்தம். ஒரு மாதத்துக்கு முன்னால் அதே சத்தத்தைக் கேட்டு அஞ்சுகமும் வளவனும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். இப்போது சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. துடிப்பு நின்றுவிட்டால் அவள் பிழைக்கலாம். நிற்க வேண்டும் என்று எப்படி நினைப்பது? நிற்கக் கூடாது என்றுதான் எப்படி நினைப்பது?

ஊரில் தொட்டில் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கிய பூங்காவனத்தம்மாள் வந்தாள். ஊரில் எந்தப் பெண் கர்ப்பமானாலும் அவளே ஒரு தொட்டிலும் மெல்லிய துணி விரிப்பும் கொண்டு போய்க் கொடுப்பாள். கைவிடப்பட்ட பிள்ளைகள் மூன்றைத் தன் வீட்டில் வளர்த்தவள். பழைய தீர்ப்பை எதிர்த்து அவள் நடக்காத ஊர்வலம் இல்லை. யாரும் அவளை நல்லவள் இல்லை என்று சொன்னதில்லை. அவள் அஞ்சுகத்தின் தலைமாட்டில் அமர்ந்து தலையைக் கோதிவிட்டாள்.

"கடவுள் ஏதாவது வழி காட்டுவார்டி," என்றாள்.

"டாக்டரம்மாகிட்ட வழி இருக்கு அக்கா," என்றாள் அஞ்சுகம். "விட மாட்டேங்குறாங்க."

"யாரு விட மாட்டேங்குறா?"

"நம்மதான்."

பூங்காவனத்தம்மாளின் கை நின்றது. பிறகு மறுபடி கோதத் தொடங்கியது.

வளவன் மாவட்டத்து ஆணை விளக்க அதிகாரியைப் பார்க்கப் போனான். புதிய சட்டங்களில் மக்களுக்குச் சந்தேகம் வராமல் பார்த்துக்கொள்வதற்காக அந்தப் பதவியை உண்டாக்கியிருந்தார்கள். அதிகாரியின் பெயர் அருள்நம்பி. வளவன் படிக்கும் ஆணைகள் எல்லாம் அவர் மேசையிலிருந்துதான் வரும் என்பதால், அவனுக்கு நாற்காலி கொடுத்தார். அவன் சொன்னதைக் கண்ணை மூடிக் கேட்டார்.

"மிகவும் வருந்துகிறேன்," என்றார். "ஆனால் சட்டம் தெளிவாக இருக்கிறது. ஆபத்து வரும் என்பது வேறு, ஆபத்து வந்துவிட்டது என்பது வேறு. வரும் என்று மருத்துவர் சொல்வது ஊகம். ஊகத்தின் பேரில் அரசு இயங்க முடியாது. உங்கள் மனைவி இப்போது பேசுகிறாரா?"

"பேசுறா, ஐயா."

"என்ன பேசுகிறார்?"

"தண்ணி கேட்டா."

"தண்ணீர் கேட்கிறவருக்கு உயிராபத்து என்று நான் எப்படி எழுதுவேன்? சொல்லுங்கள்."

"பேச்சு நின்னுபோச்சுன்னா?"

"உடனே வந்து தெரிவியுங்கள்."

"அதுக்குள்ள அவ செத்துப்போனா?"

அருள்நம்பி கண்ணைத் திறந்தார். அந்தக் கேள்வியில் அவருக்கு உண்மையான அக்கறை இருந்தது. "அப்படி நேர்ந்தால், ஆபத்து இருந்தது என்பதில் யாருக்கும் ஐயம் எழாது. மருத்துவர்மீது ஒரு குற்றமும் வராது. அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்."

வளவன் வெளியே வந்து நின்றான். தான் கேட்கப்போனது என்ன, கிடைத்தது என்ன என்று அவனால் சேர்த்துப் பார்க்க முடியவில்லை. அவர் கோபப்படவில்லை. விரட்டவில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

துறைப்பட்டியைப் போலவே பல ஊர்களிலிருந்தும் கேள்விகள் போயிருக்க வேண்டும். சட்டம் குழப்பமாக இருக்கிறது என்று மருத்துவர்கள் சிலர் கோச்செல்வருக்கு எழுதினார்கள். தலைவர் மனம் நொந்து மறுநாளே ஒரு விளக்க ஆணை வெளியிட்டார். கருச்சட்டம் தெளிவானது, அது குழப்பமானது என்று கூறும் மருத்துவர் சட்டத்தை அவமதித்தவராகக் கருதப்படுவார் என்றது அந்த விளக்கம். அதன் பிறகு குழப்பம் இருப்பதாக யாரும் சொல்லவில்லை. குழப்பம் நீங்கிவிட்டது என்று தலைவர் மகிழ்ந்தார். அன்று மாலையே வந்த அடுத்த ஆணையில், தாயின் உயிருக்கு ஆபத்து என்பதை மூன்று மருத்துவர்கள் ஒருமனதாகக் கூற வேண்டும் என்றும், தவறாகக் கூறினால் மூவருக்கும் சிறை என்றும் சேர்த்தார்.

துறைப்பட்டியில் மருத்துவர்கள் மூன்று பேர் இருக்கத்தான் செய்தார்கள். ஒருவர் கார்குழலி. ஒருவர் பல் மருத்துவர். ஒருவர் கால்நடை மருத்துவர். மருத்துவர் என்றால் எந்த மருத்துவர் என்று ஆணை சொல்லவில்லை. பல் மருத்துவர் கதவைத் திறக்கவில்லை. கால்நடை மருத்துவர் மாசிலாமணி வளவனோடு வந்து, அறை வாசலில் நின்று கார்குழலி சொன்னதையெல்லாம் கேட்டார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று கண்ணாடியைத் துடைத்தார்.

"தம்பி, எனக்கு ரெண்டு பொண்ணுங்க," என்றார். "நான் ஜெயிலுக்குப் போக முடியாது. தப்பா எடுத்துக்காத." கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்தார். "மாடா இருந்தா காலையிலேயே முடிச்சிருப்பேன். யாரும் கேட்டிருக்க மாட்டாங்க."

இனி அக்கரைதான் வழி என்று வளவன் முடிவு செய்தான். தென்கரையில் பழைய தீர்ப்பின்படியே எல்லாம் நடந்தது. படகில் போனால் அரை மணி. பூங்காவனத்தம்மாளும் கூட வருகிறேன் என்றாள். எதற்கு வருகிறாள் என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அஞ்சுகத்தைக் கைத்தாங்கலாகப் படகுத்துறைக்குக் கூட்டிப்போனார்கள். அவள் உடம்பு சூடாக இருப்பது போல வளவனுக்குத் தோன்றியது. வெயிலாக இருக்கும் என்று நினைத்தான்.

துறையில் புதிதாக ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். பெண்கள் தனி வரிசை. ஒவ்வொருத்தியிடமும் காவலர் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். மீன் கூடைக்காரிகள் இரண்டு பேர் பதில் சொல்ல மறுத்துத் திரும்பிப் போனார்கள். படகோட்டி கலியன் அஞ்சுகத்தோடு பல வருடம் வேலை பார்த்தவன். அவன் துடுப்பைக் கீழே வைத்தான்.

"கர்ப்பிணிங்கள அக்கரைக்கு ஏத்தினா படகையே எடுத்துக்குவாங்களாம் வளவா."

"யாரு சொன்னது?"

கலியன் அவனைப் பார்த்தான். "நீதான் சொன்ன. காலையில எங்க தெருவுல வந்து படிச்சியே."

வளவன் நினைத்துப் பார்த்தான். காலையில் ஓர் ஆணை படித்தது உண்மைதான். முழுவதும், ஒரு சொல் பிசகாமல், கனத்த குரலில் படித்திருக்கிறான். இரவு முழுக்க மருத்துவமனையில் விழித்திருந்த கண்ணோடு படித்தான். அதில் என்ன இருந்தது என்று அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

பூங்காவனத்தம்மாள் காவலரிடம் போனாள். காவலர் எழுந்து நின்று கும்பிட்டார். "அம்மா, உங்க படத்தத்தான் எங்க அறையில மாட்டியிருக்கோம்."

"இந்தப் பொண்ண அக்கரையில சொந்தக்காரங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"மாசமா இருக்காங்களா அம்மா?"

பூங்காவனத்தம்மாள் வாழ்நாளில் பொய் சொல்லாதவள் என்று பெயர் வாங்கியவள். "இல்ல," என்றாள். "வெறும் காய்ச்சல்."

காவலர் அஞ்சுகத்தின் வயிற்றைப் பார்த்தார். பூங்காவனத்தம்மாளைப் பார்த்தார். அந்த அம்மாள் சொன்னால் பொய்யாக இருக்காது. கண் பார்ப்பதும் பொய்யாக இருக்காது. எது சரி என்று தெரியாமல், ஆணை விளக்க அதிகாரியைத் தொலைபேசியில் கூப்பிட்டார். அதிகாரி கூட்டத்தில் இருந்தார். காத்திருக்கச் சொன்னார்கள். எல்லோரும் காத்திருந்தார்கள். அஞ்சுகம் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். பற்கள் தந்தியடிக்கத் தொடங்கின.

"மாமா, படகு வந்துடுச்சா?" என்றாள் வளவனிடம். அவள் அவனை ஒருநாளும் மாமா என்று கூப்பிட்டதில்லை. அது இறந்துபோன அவள் தாய்மாமனைக் கூப்பிட்ட குரல். "சீட்டு எல்லாருக்கும் கொடுத்துட்டேன் மாமா. எனக்கு மட்டும் இல்ல."

அதற்குப் பிறகு அவள் பேச்சில் தொடர்பு இல்லை. கலியன் தன் படகில் விரித்திருந்த பாயைக் கொண்டுவந்து அவளைப் படுக்க வைத்தான். நான்கு பேராக அவளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார்கள். கார்குழலி அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். மற்ற இரண்டு மருத்துவர்களுக்காக அவள் காத்திருக்கவில்லை. அதிகாரிக்குச் சொல்லி அனுப்பவும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டாள்.

அஞ்சுகம் பிழைத்தாள். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. பெண் பிள்ளை, உள்ளங்கை அளவு. தொட்டிலுக்கென்று தைத்த விரிப்பில் பூங்காவனத்தம்மாள்தான் அதைச் சுற்றிக் கொடுத்தாள். வளவன் வாங்கிக்கொண்டான். கனமே இல்லை.

செய்தி பரவியது. சட்டத்தில் அனுமதி இருந்தும் மருத்துவர் தாமதித்ததே துயரத்துக்குக் காரணம் என்று கோச்செல்வர் அறிக்கை விட்டார். ஏன் தாமதித்தாய் என்று கார்குழலிமீது ஒரு விசாரணை வந்தது. மூவர் சொல்லாமல் ஏன் அவசரப்பட்டாய் என்று இன்னொரு விசாரணை வந்தது. இரண்டும் ஒரே கட்டடத்தில், அடுத்தடுத்த அறைகளில் நடந்தன. தாமதிக்கவில்லை என்று முதல் அறையில் அவள் நிரூபித்தால், இரண்டாம் அறையில் அதுவே குற்றமாகும். இரண்டு நாள் அறைக்கு அறை மாறிவிட்டு, மூன்றாம் நாள் அவள் வேறு நாட்டுக்குப் போய்விட்டாள். துறைப்பட்டியில் பிரசவப் பிரிவை மூடினார்கள். பிள்ளை வேண்டும் என்று சுமந்த பெண்களும் இப்போது வண்டி கட்டிக்கொண்டு அரை நாள் பயணம் போனார்கள். ஒருத்திக்கு வழியிலேயே பிறந்தது. பூங்காவனத்தம்மாளின் வீட்டில் தொட்டில்கள் சும்மா கிடந்தன.

அவள் அருள்நம்பியிடம் போனாள். "இத நாங்க கேக்கல," என்றாள்.

"இதைத்தான் கேட்டீர்கள் அம்மா," என்றார் அவர் பணிவாக. "நீங்கள் ஊர்வலம் வந்தபோது நான் இந்த ஜன்னலில்தான் நின்றுகொண்டிருந்தேன்."

தேர்தல் நெருங்கியது. தென்கரையிலிருந்து தாழ்ப்பாள் கட்சித் தலைவர் செம்பியனார் ஒரு மாலையோடு அஞ்சுகத்தைப் பார்க்க வந்தார். கண் கலங்கினார். அது பொய்க் கலக்கமாகத் தெரியவில்லை. தன் மேடையில் வந்து நான்கு வார்த்தை பேசினால் போதும் என்றார்.

"என்ன பேசணும்?"

"என் உடல், என் முடிவு. இதை உங்கள் வாயால் கேட்டால் நாடே திரும்பிப் பார்க்கும்."

"நான் ஒண்ணும் முடிவு பண்ணலைங்க. எனக்குப் பிள்ளை வேணும்னுதான் இருந்தேன்."

"அது உண்மைதான். ஆனால் அதைச் சொன்னால் கூட்டம் குழம்பிவிடும்."

அஞ்சுகம் மாலையை மடியில் வைத்துக்கொண்டாள். "ஐயா, நீங்க ரெண்டு கரையையும் ஆண்டப்போ இத ஏன் சட்டமா எழுதி வைக்கல?"

"அப்போது அதற்கு அவசியம் எழவில்லை," என்றார் செம்பியனார். சொன்ன பிறகு, அந்தப் பதிலைத் தானே முதல் முறை கேட்பவர் போல நின்றார்.

அவள் மேடைக்குப் போகவில்லை. அவள் இல்லாமலேயே இரண்டு மேடைகளிலும் அவள் கதை நடந்தது. ஒரு மேடையில் அவளைக் கைவிட்ட மருத்துவரும், இன்னொரு மேடையில் அவளைக் கைவிட்ட தலைவரும் வந்தார்கள். இரண்டு கதைகளிலும் பிள்ளை வரவில்லை.

வடகரையில் இம்முறை ஆளுக்கு இரண்டு ஓட்டு. ஒன்று, தலைவர் யார் என்பதற்கு. இன்னொன்று, கருச்சட்டம் வேண்டுமா வேண்டாமா என்பதற்கு. மக்கள் நெடுநேரம் வரிசையில் நின்று போட்டார்கள். எண்ணி முடித்தபோது, கருச்சட்டம் வேண்டாம் என்று பெரும்பாலோர் சொல்லியிருந்தார்கள். அதே மக்கள், கருச்சட்டம் கொண்டுவந்த கோச்செல்வரை முன்னைவிட அதிக ஓட்டில் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எண்ணியவர்கள் தப்பாக எண்ணிவிட்டோமோ என்று மறுபடி எண்ணினார்கள்.

முடிவு வந்த அன்று மாலை வளவன் வாசலில் உட்கார்ந்திருந்தான். அஞ்சுகம் உள்ளே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"சட்டத்துக்கு என்ன போட்ட?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"வேண்டாம்னு போட்டேன். அதுல என்ன சந்தேகம்?"

"தலைவருக்கு?"

முறத்தின் சத்தம் நின்றது.

"கை அங்கதான் போச்சு அஞ்சுகம். அரிசி விலையக் குறைக்கிறேன்னாரு. மத்தவரு அரிசியப் பத்திப் பேசவே இல்ல. ரெண்டும் வேற வேறன்னு நெனச்சேன்."

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தான். கோபப்பட்டிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள், "குறைஞ்சிதா?" என்று மட்டும் கேட்டாள்.

"இன்னும் இல்ல."

முறம் மறுபடி சத்தமிடத் தொடங்கியது. அவள் தலைவருக்கு என்ன போட்டாள் என்று அவன் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

கோச்செல்வர் மக்களுக்கு நன்றி சொன்னார். சட்டத்தைப் பற்றி மக்கள் ஒரு தவறு செய்திருக்கிறார்கள் என்றும், அந்தத் தவறைத் திருத்தும் பொறுப்பைத் தன்னிடமே ஒப்படைத்திருப்பது அவர்கள் தன்மீது வைத்த நம்பிக்கையைக் காட்டுகிறது என்றும் சொன்னார். எனவே மக்களின் உண்மையான எண்ணத்தை அறிய இன்னொரு ஓட்டெடுப்பு நடக்கும் என்றார். கேள்வியை அருள்நம்பியே எழுதினார்.

சந்தையன்று வளவன் அதைப் படித்தான். "கருச்சட்டத்தை நீக்கியதை நீக்காமல் இருக்கக் கூடாது என்பதை நீங்கள் ஏற்கவில்லை என்று கொள்ளலாகாது. ஆம் அல்லது இல்லை."

காய் நிறுத்துக்கொண்டிருந்தவர்கள் தராசைப் பிடித்தபடி நின்றார்கள்.

"வளவா," என்று பூங்காவனத்தம்மாள் கூட்டத்திலிருந்து கேட்டாள், "இதுல ஆம்னா என்ன?"

வளவன் ஒலிவாங்கியை வாயிலிருந்து விலக்கவில்லை. "எனக்குப் புரியல அக்கா," என்றான். அது பத்துத் தெருவுக்கும் கேட்டது. அரசின் ஒலிபெருக்கியில் அரசு சொல்லாத வாக்கியம் வந்தது அதுவே முதல் முறை.

வண்டியருகே நின்றிருந்த அஞ்சுகம் சொன்னாள். "திரும்பப் படி. மெதுவா."

அவன் படித்தான். யாரும் நகரவில்லை. இன்னொரு முறை படித்தான். சட்டத்தை நீக்கியாச்சு, அதுவரை சரி என்றார் ஒருவர். நீக்கினதை நீக்கினா என்ன ஆகும் என்றாள் ஒருத்தி. எடுத்த மூடியைத் திரும்பப் போடுறதுதானே என்றார் மாசிலாமணி. அப்படி நீக்காம இருக்கக் கூடாதுன்னா, நீக்கியே ஆகணும் என்றார் இன்னொருவர். கடைசி வால் எதற்கு என்று சண்டை வந்தது. ஏற்கலைன்னு கொள்ளக் கூடாதுன்னா, ஏத்துக்கிட்டேன்னு அர்த்தம் என்று கலியன் சொன்னான். மறுத்தவர்கள் மறுபடி படிக்கச் சொன்னார்கள். வெயில் ஏறியது. கீரைக்கட்டுகள் வாடின. நூல்கண்டின் சிக்கலை ஊரே உட்கார்ந்து பிரிப்பது போல இருந்தது.

கடைசியில் பூங்காவனத்தம்மாள்தான் சொன்னாள். "ஆம்னா அந்தச் சட்டம் திரும்ப வரும். இல்லைன்னா வராது. அவ்வளவுதான்." அவள் குரலில் வெற்றி எதுவும் இல்லை. "நான் எதுல போடுவேன்னு எனக்கு இன்னும் தெரியல. வயித்துல இருக்கிறது உயிருதான்னு இப்பவும் சொல்லுவேன். இவ பட்டதையும் பாத்துட்டேன். ஆனா எதுல போடுறேன்னு தெரிஞ்சு போடுவேன்."

அஞ்சுகம் போய் அவள் பக்கத்தில் நின்றாள். சந்தையில் இருந்தவர்கள் தங்கள் ஊர்களுக்குப் போய்ச் சொன்னார்கள். அந்த ஊர்க்காரர்கள் அடுத்த ஊருக்குச் சொன்னார்கள்.

வாரம் முடிவதற்குள் புதிய ஆணை வந்தது. வளவன் இம்முறை வண்டியில் ஏறுவதற்கு முன் அதை ஒருமுறை தனக்குள் படித்துப் பார்த்தான். பிறகு தெருவுக்குப் போய், ஒலிவாங்கியைத் தட்டிச் சரிபார்த்து, கனத்த குரலில் படித்தான்.

"வடகரை மக்களுக்கு அறிவிப்பது. ஓட்டெடுப்புக்கான கேள்வி பல ஊர்களில் மக்களுக்குப் புரிந்துவிட்டதாக அரசின் கவனத்துக்கு வந்துள்ளது. எனவே அக்கேள்வி திரும்பப் பெறப்படுகிறது. வேறு கேள்வி தயாராகி வருகிறது. அதுவரை மக்கள் அமைதி காக்க வேண்டும்."